வேலைய விட்டு போறப்ப என்னென்ன பேப்பர் வாங்கணும்? கஞ்சிக்கோட்டு தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பாலக்காட்டு பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு மெஷின் ஷாப்ல குவாலிட்டி செக்ஷன், 2021 ஜூலை 1 ல சேந்தீங்க, பேசிக்கும் டிஏவும் சேந்து 18,200, இப்ப கோயமுத்தூர் குறிச்சி பக்கம் ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, 2026 மார்ச் 31 க்குள்ள ரிலீவிங் லெட்டரோட வாங்கன்னு அவங்க சொல்றாங்க, இங்க எச்ஆர் கிட்ட வாயில சொல்லி பத்து நாளாச்சு, அவரு பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு, ரெண்டு மாச நோட்டீஸ் இருக்கு, ராஜினாமா குடுத்து ரெண்டு மாசம் வேலை செஞ்சுட்டுத்தான் போகணும்னு வேற சொல்றாரு. அந்த ரெண்டு மாசத்துக்கு பதிலா நோட்டீஸ் பணத்த கட்டிட்டு கெளம்பிரலாமா, என்னென்ன லெட்டர் வாங்கணும், தரலேன்னா என்ன பண்றது, இதானுங்க உங்க கேள்வி.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். இருபது வருஷத்துக்கு மேல டைம் ஆபீஸ்ல, அதான் ஆளுங்க வருகைக் கணக்கு பாக்கற எடத்துல, இருந்தேன், இப்ப நாலஞ்சு சின்ன கம்பெனிக்கு பிஎஃப் ஈஎஸ்ஐ ரிட்டர்ன் போட்டுக் குடுத்துட்டிருக்கேன். லெட்டர் எழுதிக் குடுக்கற பக்கம் உக்காந்தவன்ங்கறதால எது எங்க மாட்டும்னு கொஞ்சம் தெரியும்.

மொதல்ல நோட்டீஸ் விஷயம், ஏன்னா அதுலதான் நீங்க அவசரப்படறீங்க. பணத்த கட்டிட்டு மார்ச் 31 ல கெளம்பாதீங்க. எச்ஆர் ரெண்டு மாசம் இருக்கச் சொல்றது உங்களுக்கு எதிரின்னு நெனைக்கறீங்க, உண்மைல அது உங்களுக்கு காசு. எப்படின்னு சொல்றேன்.

கிராஜுவிட்டிக்கு, அதான் வேலைய விட்டுப் போறப்ப கம்பெனி குடுக்கற பணிக்கொடைக்கு, அஞ்சு வருஷம் சர்வீஸ் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சிருந்தா அது முழு வருஷமா எடுத்துக்கணும்னு சென்னை ஹைகோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கு, அத வெச்சு நாலு வருஷம் 240 நாள்ல கிராஜுவிட்டி கேக்கறவங்க நெறைய. வாரத்துக்கு ஆறு நாளுக்கு கொறைவா ஓடற கம்பெனின்னா 190 நாள், உங்க ஷாப் ஆறு நாள் ஓடும், அதனால 240. இப்ப உங்க கணக்க எடுங்க. அஞ்சாவது வருஷம் 2025 ஜூலை 1 ல ஆரம்பிக்குது, மார்ச் 31 வரைக்கும் 274 நாள், அதுல ஞாயித்துக்கிழமை 39, மிச்சம் 235. பாத்தீங்களா, அஞ்சு நாள் கொறையுது. சம்பளத்தோட குடுக்கற வார லீவும் சேத்துதான் 240 எண்ணனும்னு வாதாடலாம், கோர்ட்ல அது நிக்கவும் செஞ்சிருக்கு, ஆனா அஞ்சு நாளுக்காக நீங்க ஏன் வாதாடணும்? நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்தீங்கன்னா ரெண்டு மாசம் ஏப்ரல் நடுவுல முடியுது, கடைசி நாள் ஏப்ரல் 15 னு போட்டா ஞாயிறு போக 248 நாள் வரும், விஷுவும் கழிஞ்ச மாதிரி ஆச்சு. நடுவுல லாஸ் ஆஃப் பே, அதான் சம்பளம் இல்லாத லீவு போட்டிருந்தா மட்டும் அத கழிச்சு பாத்துக்கங்க, எட்டு நாளுக்கு மேல போட்டிருந்தா கடைசி தேதிய இன்னும் தள்ளணும். சம்பளத்தோட எடுத்த லீவு கழிக்க வேண்டாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு கேரளாவுல இருக்கற பாலக்காட்ட அப்படியே கட்டுப்படுத்தாது, இந்த மாதிரி ஒரு தீர்ப்பு இருக்குன்னு எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான், கம்பெனி எதுத்து நின்னா இழுக்கும். ஜூன் 30 வரைக்கும் இருந்துட்டு வந்தீங்கன்னா யாரும் ஒண்ணும் பேச முடியாது. குறிச்சி கம்பெனி ஜூலை 1 வரைக்கும் காத்திருக்குமான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க, கேக்கறதுல என்ன போச்சு. ஒத்துக்கலேன்னா ஏப்ரல் 15. தொகை எவ்வளவுன்னா, 18,200 ஐ 26 ஆல வகுத்தா 700, அத 15 ஆல பெருக்குனா 10,500, அஞ்சு வருஷத்துக்கு 52,500 ரூபா. இதுக்கு வரி கெடையாது. இத விட்டுட்டு ரெண்டு மாச நோட்டீஸுக்கு நீங்க கைல இருந்து பணம் கட்டறேன்னு சொல்றீங்க, எனக்கு படிக்கறப்பவே வயிறு எரிஞ்சுது.

இன்னொண்ணு, நீங்க மொத வருஷம் அப்ரண்டிஸா இருந்தீங்களா? அப்ரண்டிஸ் சட்டத்துல எடுத்திருந்தாங்கன்னா அந்த வருஷம் கிராஜுவிட்டிக்கு சேராது, பிஎஃப்பும் பிடிச்சிருக்க மாட்டாங்க. இல்ல, காண்ட்ராக்டர் ரோல்ல வெச்சிருந்து அப்புறமா கம்பெனி ரோலுக்கு மாத்துனாங்களா? நம்ம கஞ்சிக்கோட்டுல பாதிப் பேருக்கு இதான் கதை, சட்டைல கம்பெனி பேரு, சம்பள சிலிப்புல காண்ட்ராக்டர் பேரு. அப்படின்னா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெண்டு எடத்துல வாங்கணும். காண்ட்ராக்டர் கிட்ட கேக்க கூச்சப்படாதீங்க, வேலை முடிஞ்சு போற தொழிலாளிக்கு சர்வீஸ் சர்டிபிகேட் குடுத்தே ஆகணும்னு காண்ட்ராக்ட் லேபர் விதில எழுதியே இருந்துச்சு, பதினஞ்சாம் நம்பர் பாரம்னு அதுக்கு தனி பாரமே உண்டு. நான் டைம் ஆபீஸ்ல இருந்த காலம் முழுக்க அத வாயத் தொறந்து கேட்டு வாங்குன ஆளு மூணு பேரோ நாலு பேரோதான்.

சரி, இப்ப லெட்டர் விஷயத்துக்கு வர்றேன். ரிலீவிங் லெட்டர்ங்கறது உங்க ராஜினாமாவ ஏத்துக்கிட்டோம், இந்த தேதி வேலை நேரம் முடிஞ்சதோட உங்கள விடுவிச்சுட்டோம்ங்கறது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் இன்ன வேலைல இருந்தாருங்கறது. சர்வீஸ் சர்டிபிகேட்னு பழைய ஆளுங்க சொல்றது கிட்டத்தட்ட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்தான், ஃபேக்டரி வேலை விதிகளான ஸ்டாண்டிங் ஆர்டர்ல அந்தப் பேருதான் இருக்கும். சின்ன கம்பெனில மூணையும் ஒரே பேப்பர்ல அடிச்சுக் குடுத்துருவாங்க, தப்பில்ல, புது கம்பெனிக்கு வேண்டியது ரிலீவ் ஆன தேதியும் ராஜினாமா ஏத்துக்கிட்டோம்ங்கற வரியும். தனியார் கம்பெனில ரிலீவிங் லெட்டர்ங்கற பேர்ல ஒண்ண குடுத்தே ஆகணும்னு நேரடியா ஒரு சட்டம் இல்லீங்க, அதான் எச்ஆர் இழுக்கறாரு. ஆனா சம்பள பாக்கி, பிஎஃப், கிராஜுவிட்டி, போனஸ், இதெல்லாம் சட்டம். அதனால லெட்டர ஒழுங்கா நோட்டீஸ் இருந்து, முகம் முறிக்காம வாங்கிடணும், மத்தத உரிமையா கேக்கணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டு சண்டை போடறவங்கதான் ரெண்டையும் விட்டுட்டு நிக்கறாங்க.

லெட்டர் கைக்கு வந்தா உடனே ஃபைல்ல சொருகாதீங்க, அங்கயே நின்னு படிங்க. எழுத்து எழுத்தா. இங்க நம்ம பக்கத்துல ஒரு தனி வியாதி இருக்கு, பேரு. மலையாளத்துல முருகேசன்ங்கற பேர 'க' போட்டுத்தான் எழுதுவாங்க, அத பாத்து இங்கிலீஷ்ல டைப் அடிக்கறப்ப நம்ம 'ஜி' போடற எடத்துல அவங்க 'கே' போட்டுருவாங்க. உங்க ஆதார்ல 'ஜி', லெட்டர்ல 'கே'. அப்புறம் இனிஷியல், ஆதார்ல பேருக்குப் பின்னாடி, எஸ்எஸ்எல்சி புக்குல முன்னாடி, கம்பெனில அப்பா பேரு முழுசா. குறிச்சி கம்பெனில பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு வெளி ஏஜென்சி வெச்சிருந்தா அந்தப் பையனுக்கு முருகேசன் ரெண்டும் ஒண்ணுதான்னு தெரியாது, ஸ்க்ரீன்ல சேரலேன்னா சிவப்பு. அப்புறம் லெட்டர் மலையாளத்துல குடுத்தா இங்கிலீஷ்லயும் ஒண்ணு கேளுங்க. வாளையாறு தாண்டிட்டா அத படிக்க ஆளு தேடணும்.

பேருக்கு அடுத்து பதவி. அஞ்சு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா நின்னிருப்பீங்க, ரெக்கார்டுல இன்னும் ட்ரெய்னின்னே இருக்கும், கிளார்க் அத பாத்துத்தான் அடிப்பாரு, அவரு மேல குத்தமில்ல. அத இப்பவே, நோட்டீஸ் காலத்துலயே, ஆர்டர் காப்பி காட்டி மாத்தச் சொல்லுங்க. அப்புறம் ராஜினாமான்னு இருக்கணும். வேலைக்கு வராம நின்னுட்டாருங்கற மாதிரி ஒரு வரி இருந்தா அந்த லெட்டர் இல்லாம இருக்கறதே மேல்.

எல்லாத்துக்கும் மேல தேதி. ரிலீவிங் லெட்டர்ல ஏப்ரல் 15, பிஎஃப்ல மார்ச் 31, செட்டில்மென்ட் ஷீட்ல ஏப்ரல் 10 னு மூணு தேதி இருந்தா அந்த மூணும் சேந்து உங்களுக்கு ஒரு நாள் தலவலி குடுக்கும். எல்லா பேப்பர்லயும் ஒரே தேதி, இத மட்டும் விட்டுறாதீங்க.

இத ஏன் இவ்வளவு அழுத்தறேன்னா நான் பட்டிருக்கேன். 1998 ல இருந்து 2004 வரைக்கும் ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருந்தேன், பேரு வேண்டாம், இப்ப அந்த எடத்துல கல்யாண மண்டபம். விடறப்ப வயசு, ஒரு கோவம், மேனேஜர் கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு சைக்கிள எடுத்துட்டு வந்துட்டேன், ஒரு பேப்பரும் வாங்கல. அந்தக் காலத்துல யுஏஎன்ங்கற ஆயுசுக்கும் ஒரே பிஎஃப் நம்பர் எல்லாம் இல்ல, அது வந்தது 2014 ல. 2019 ல பென்ஷனுக்கு பழைய சர்வீஸ சேக்கலாம்னு போனா மில்லு மூடி பல வருஷம் ஆச்சு, பிஎஃப் ரெக்கார்டுல என் பேரு ஒரு மாதிரி, விட்ட தேதி எடம் காலி. சேந்த தேதி இருக்கு, போன தேதி இல்ல, அவங்க கணக்குல நான் இன்னும் அந்த மில்லுலதான் நூல் ஓட்டிட்டிருக்கேன். கடைசில எங்கம்மா ட்ரங்குப் பெட்டில, சீலைக்கு அடில, மஞ்சளா போன சம்பள சிலிப் ஒரு கட்டும் பழைய ஈஎஸ்ஐ கார்டும் இருந்துச்சு. சிலிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஆவில காட்டி ஒவ்வொண்ணா பிரிச்சோம். கடைசி சிலிப் 2004 செப்டம்பர். அத வெச்சு எழுதிப் போட்டு அலைஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. மேனேஜர் கிட்ட அந்த ரெண்டு வார்த்தய பேசாம இருந்திருந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருக்கும்.

இப்ப பிஎஃப்ல உங்க கைலயே நெறைய இருக்கு, அது வரைக்கும் நல்லது. கம்பெனிதான் எக்ஸிட் தேதி, அதான் வேலைய விட்ட தேதி, போடணும், போடலேன்னா கடைசி பணம் ஏறி ரெண்டு மாசம் கழிச்சு ஆதார் ஓடிபி வெச்சு நீங்களே போர்ட்டல்ல போட்டுக்கலாம், 2020 ல இருந்து இந்த வசதி இருக்கு. ஆனா கடைசியா பணம் ஏறின மாசத்துக்குள்ள இருக்கற தேதிதான் எடுக்கும், அதனால ஏப்ரல் பதினஞ்சு நாள் சம்பளத்துக்கு பிஎஃப் பிடிச்சு கட்டினாங்களான்னு பாருங்க, கட்டலேன்னா உங்க தேதி மார்ச்சுக்கு போயிரும், மேல சொன்ன 240 கணக்குக்கும் அது வில்லங்கம். பேரு தப்பு, பொறந்த தேதி தப்பு இதெல்லாம் உங்க யுஏஎன் 2017 அக்டோபர் 1 க்கு அப்புறம் எடுத்தது, ஆதாரும் சேந்திருக்குன்னா கம்பெனி தயவு இல்லாம ஆன்லைன்லயே திருத்திக்கலாம், 2025 ஜனவரில கொண்டு வந்தாங்க. நீங்க 2021 ஆளு, அதனால முடியும். வேற கம்பெனில முன்னாடி வேலை பாத்து பழைய யுஏஎன் இருந்தா மட்டும் கதை வேற.

பணத்த எடுக்கவான்னு கேக்காதீங்க. எடுக்காதீங்க, மாத்திக்கங்க. யுஏஎன் ஒண்ணுதான், பாலக்காடு ஜில்லா கோயமுத்தூர் ஜில்லாங்கற எல்லையெல்லாம் அதுக்கு கெடையாது. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா 50,000 க்கு மேல போனா வரி பிடிப்பாங்க, அத விட பெருசு பென்ஷன். பத்து வருஷம் சேந்தாத்தான் மாசா மாசம் பென்ஷன், இப்ப அஞ்சு வருஷத்த எடுத்து ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டுனீங்கன்னா மறுபடி சைபர்ல இருந்து. மாத்துன அப்புறம் அனெக்சர் கேன்னு ஒரு பேப்பர் வரும், பழைய கம்பெனில எவ்வளவு நாள், எவ்வளவு பணம்னு அதுல இருக்கும், அத டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க, அத விட உறுதியான எக்ஸ்பீரியன்ஸ் ஆதாரம் எனக்கு தெரிஞ்சு இல்ல, எச்ஆர் ஒப்பு, அதான் கையெழுத்து, வேண்டாம், சீல் வேண்டாம்.

செட்டில்மென்ட் ஷீட் ஒண்ணு குடுப்பாங்க, ஃபுல் அண்ட் ஃபைனல், அதான் கடைசிக் கணக்கு. இதுல நாலு எடம் பாக்கணும். ஒண்ணு, கடைசி மாச சம்பளம். புது லேபர் கோடுங்கற தொழிலாளர் சட்டம் நாலும் 2025 நவம்பர் 21 ல அமலுக்கு வந்துச்சு, அதுல சம்பளச் சட்டத்துப்படி ராஜினாமா பண்ணினவங்களுக்கும் பாக்கி சம்பளத்த ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும். நடப்புல நாப்பத்தஞ்சு நாள்னு பழக்கம், ரெண்டு நாள்ல யாரும் தரப் போறதில்ல, ஆனா சட்டத்துல அப்படி இருக்குன்னு உங்களுக்கு தெரியும்னு அவங்களுக்கு தெரியட்டும். அடுத்தது மிச்ச லீவு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள்ங்கற கணக்குல சேந்தது, எடுக்காதத காசா குடுக்கணும். அப்புறம் நோட்டீஸ் பிடித்தம், நீங்க முழுசா இருந்துட்டா அது சைபர். ஒருவேளை கொஞ்சம் கொறஞ்சு பிடிச்சாலும் அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு ஒரு வரி போட்டிருந்தா ஒத்துக்காதீங்க, நோட்டீஸ் பணத்துக்கு ஜிஎஸ்டி கெடையாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே சர்க்குலர் வந்தாச்சு, இன்னும் சில சாஃப்ட்வேர்ல அந்த லைன் அப்படியே கெடக்குது.

நாலாவது போனஸ். இதுல நம்ம எல்லைக்காரங்க நல்லா ஏமாறுவோம். கஞ்சிக்கோட்டுல ஓணத்துக்கு குடுப்பாங்க, கோயமுத்தூர்ல தீபாவளிக்கு. ஏப்ரல்ல மாறுற ஆளு ஓணத்துக்கு இங்க இருக்க மாட்டான், தீபாவளிக்கு அங்க போனா நீ இப்பத்தான வந்த, ஆறு மாசத்துக்கு இவ்வளவுதான்னு கொஞ்சத்த குடுப்பாங்க, சரி போகட்டும்னு விட்டுருவான். விடக் கூடாது. வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சிருந்தா போதும், சம்பளம் 21,000 க்குள்ள இருந்தா போனஸ் உண்டு, ராஜினாமா பண்ணிட்டுப் போனாலும் உண்டு. நீங்க 2025 ஏப்ரல்ல இருந்து 2026 மார்ச் வரைக்கும் முழு வருஷம் இருந்திருக்கீங்க, கொறஞ்சபட்சம் 8.33 சதவீதம், 7,000 ரூபா சம்பளத்த வெச்சு கணக்கு போட்டாலே வருஷத்துக்கு ஏழாயிரம் கிட்ட வரும், அரசு வெச்ச மினிமம் வேஜஸ் அதுக்கு மேல இருந்தா அத வெச்சு போடணும், அப்ப இன்னும் கூடும். மார்ச் முடிஞ்சு எட்டு மாசத்துக்குள்ள குடுக்கணும், அதாவது நவம்பர் 30. செட்டில்மென்ட் ஷீட்ல "போனஸ் பின்னால் வழங்கப்படும்"னு ஒரு வரி எழுதி வாங்கிக்கங்க. எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்த பாக்கியும் இல்லைன்னு அச்சடிச்ச வரிக்கு கீழதான் ஒப்பு போடச் சொல்லுவாங்க, கிராஜுவிட்டியும் போனஸும் வர்றதுக்கு முன்னாடி அதுல போட வேண்டாம், போட்டே ஆகணும்னா "கிராஜுவிட்டி, போனஸ் நீங்கலாக"ன்னு உங்க கையால எழுதிட்டு போடுங்க.

நோ டியூ, அதான் கம்பெனிக்கு திருப்பித் தர வேண்டியது ஒண்ணும் இல்லைங்கற பேப்பர், அந்த விஷயம் சொல்லணும். ஸ்டோர், டூல் ரூம், கேன்டீன், செக்யூரிட்டின்னு நாலஞ்சு எடத்துல ஒப்பு வாங்கணும். நான் இருந்த ஒரு எடத்துல ஒரு பையனுக்கு ரிலீவிங் லெட்டர் மூணு மாசம் நின்னுச்சு, என்னன்னு பாத்தா டூல் ரூம் ரிஜிஸ்டர்ல அவன் பேர்ல ஒரு வெர்னியர், அளக்கற கருவி. அவன் அத திருப்பிக் குடுத்துட்டான், வாங்கின ஆளு கோடு போட்டு அடிக்கல, அந்த வெர்னியர வெச்சு இன்னொருத்தன் அதே ஷாப்ல தெனமும் அளந்துட்டிருக்கான், பேப்பர்ல இவன் கைல இருக்கு. ரிஜிஸ்டர் எழுதற பொறுப்பு என் செக்ஷன் ஆளோடது, அதனால அந்தப் பையன் மூஞ்சிய எனக்கு இப்பவும் மறக்கல. நீங்க குவாலிட்டி ஆளு, உங்க பேர்ல மைக்ரோமீட்டர், கேஜுன்னு எவ்வளவு இருக்கோ, இப்பவே போயி ரிஜிஸ்டர தொறந்து உங்க கண்ணு முன்னாடி அடிச்சு தேதி போடச் சொல்லுங்க, கடைசி நாள் வேண்டாம், அன்னிக்கு டூல் ரூம் ஆளு லீவா இருப்பாரு, எப்பவும் அப்படித்தான்.

மிச்சத்த வேகமா சொல்லிடறேன். ஃபார்ம் 16, சம்பளத்துல வருமான வரி பிடிச்சதுக்கு குடுக்கற சான்று, வரி பிடிச்சிருந்தா ஜூன் 15 க்குள்ள தரணும், உங்க சம்பளத்துக்கு வரி பிடிச்சிருக்க மாட்டாங்க, பிடிச்சிருந்தா மட்டும் கேளுங்க, ஏப்ரல் பதினஞ்சு நாள் சம்பளத்த புது கம்பெனில சொல்லிருங்க. ஈஎஸ்ஐ, மொத்த சம்பளம் 21,000 தாண்டுறதுக்கு முன்னாடி நீங்க அதுல இருந்திருப்பீங்க, அந்த நம்பர் ஆயுசுக்கும் ஒண்ணுதான், குறிச்சு வெச்சுக்கங்க, புதுசு எடுக்காதீங்க. தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுசேரி பஞ்சாயத்துக்கு கட்டியிருப்பாங்க, பாண்டிச்சேரி இல்லீங்க, நம்ம கஞ்சிக்கோடு இருக்கற புதுசேரி, ரசீது இருந்தா வாங்கி வைங்க, இல்லேன்னா போகுது. ஒரிஜினல் சர்டிபிகேட் ஏதாச்சும் கம்பெனில குடுத்து வெச்சிருந்தா அத மொதல்ல வாங்குங்க, ராஜினாமா குடுக்கறதுக்கு முன்னாடியே, ஐடிஐல கேக்கறாங்கன்னோ பேங்க்ல கேக்கறாங்கன்னோ சொல்லிக்கங்க. பொய் சொல்லச் சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, ஒரிஜினல வாங்கி வெச்சுக்கறதே மொத தப்பு.

இப்ப ராஜினாமா எழுதறது. வாயில சொன்னது கணக்குல சேராது, அந்தப் பத்து நாள் போச்சுன்னு வைங்க. நாளைக்கே ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல எழுதுங்க, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல சொன்ன நோட்டீஸ் படி என் கடைசி வேலை நாள் 15.04.2026 அப்படின்னு தேதிய நீங்களே போடுங்க, காரணம் ஒரு வரி போதும், மனக்கசப்ப அதுல எழுதாதீங்க. ரெண்டு காப்பி, ஒண்ணுல வாங்கினதுக்கு ஒப்பும் தேதியும். வாங்க மாட்டேன்னா மெயில் போடுங்க, உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி, கம்பெனி மெயில் கடைசி நாள் சாயங்காலமே மூடிருவாங்க. மெயில் இல்லாத கம்பெனின்னா கஞ்சிக்கோடு போஸ்ட் ஆபீஸ்ல இருந்து அதே ரோட்டுல இருக்கற கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்க, சிரிப்பா இருக்கும், ஆனா அந்த ரசீது சிரிப்பில்ல. ஆஃபர் லெட்டர காட்ட வேண்டாம், எங்க போறீங்கன்னும் சொல்ல வேண்டாம்.

குறிச்சி கம்பெனிக்கு அன்னிக்கே அந்த ஒப்பு போட்ட காப்பிய அனுப்பி, ஏப்ரல் 16 ல வர்றேன், ரிலீவிங் லெட்டர் வந்ததும் தர்றேன்னு கேளுங்க. ஒழுங்கான எச்ஆர் ஒத்துக்குவாங்க. எங்கிட்ட கேட்டா, நோட்டீஸ் முழுசா இருந்துட்டு வர்ற ஆளத்தான் நான் எடுப்பேன், நாளைக்கு என் கிட்டயும் அப்படித்தான் நடந்துக்குவான்ல.

எல்லாம் பண்ணியும் லெட்டர் தரலேன்னா கடைசி நாள் தாண்டி ஒரு மாசம் பாருங்க. ராஜினாமா காப்பி, கடைசி மூணு மாச சிலிப், சம்பளம் ஏறின பேங்க் பக்கம், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, இந்த நாலையும் சேத்துக் குடுத்தா பெரும்பாலான கம்பெனி எடுத்துக்கும். கிராஜுவிட்டிக்கு தனியா கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும், 30 நாள்ல தரலேன்னா வட்டியோட சேத்து லேபர் டிபார்ட்மென்ட்ல கேக்கலாம். புகார் பாலக்காட்டு லேபர் ஆபீஸுக்குத்தான் போகணும், வேலை செஞ்ச எடம் எதுவோ அது, கோயமுத்தூர்ல குடுத்தா எடுக்க மாட்டாங்க. மலையாளம் எழுத வராதேன்னு பயப்படாதீங்க, 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழ், கன்னட சிறுபான்மை ஆளுங்க அவங்க மொழிலயே அரசாங்கத்துக்கு எழுதலாம்னு இருக்கு, நம்ம சித்தூர் தாலுக்கா ஆளுங்க அபேட்சய, அதான் மனுவ, தமிழ்லயே குடுத்திருக்கோம். ஆனா வேலை நடக்கணும்னா ஒரு மலையாளக் காப்பியும் பின் பண்ணிக் குடுங்க, உள்ள உக்காந்திருக்கற சேட்டனுக்கும் வசதி. பிஎஃப் விஷயம் மட்டும் வேற, அது மத்திய அரசு, அதுக்கு அவங்க குறைதீர் போர்ட்டல்ல போடணும்.

நீங்க இன்னிக்கு ராத்திரி பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பிஎஃப் பாஸ்புக்க தொறந்து மொத என்ட்ரி எந்த மாசம், எந்த கம்பெனி பேர்லன்னு பாருங்க. 2021 ஜூலை, உங்க கம்பெனி பேருன்னு இருந்தா மேல சொன்னபடியே போலாம். வேற பேரோ வேற மாசமோ இருந்தா ராஜினாமாவ ஒரு நாள் நிறுத்தி வெச்சுட்டு எனக்கு எழுதுங்க, 52,500 கணக்க மறுபடி போடணும்.